பாட்டிலில் இருக்கும் நொதி பூச்சியைக் கொல்லுமா?

கேள்வி: மாடித்தோட்டத்துச் செம்பருத்தியிலும் கத்தரியிலும் மாவுப்பூச்சி அப்பிக்கிடக்கிறது. சாத்துக்குடித் தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் ஊறவைத்த ‘பயோ என்சைம்’ கைவசம் இருக்கிறது. அதிலுள்ள நொதி பூச்சியின் தோலையே கரைத்துவிடும் என்கிறார்கள். தெளிக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பெரிய பலன் இராது. நொதி பூச்சித் தோலைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி இந்த பாட்டிலைத் திறக்க முடியாது. மூன்று மாதம் புளித்த கரைசலில் ஓங்கி நிற்பது அசெட்டிக் அமிலம். நீர்க்கத் தெளித்தால் மாவுப்பூச்சியின் மெழுகில் பட்டு வழிந்துவிடும். கெட்டியாக அடித்தால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியின் மேல்தோல் மெழுகு, புரதம், கைட்டின் ஆகியவற்றால் ஆனது. ஒவ்வொன்றையும் சிதைக்கத் தனித்தனி நொதி வேண்டும். அதுவும் தோல்மேலேயே விடாமல் சுரக்க வேண்டும். அதைச் செய்பவை சில பூஞ்சைகள். பூஞ்சை வித்து பூச்சிமேல் ஒட்டி முளைத்ததும் லைப்பேஸ், புரோட்டியேஸ், கைட்டினேஸ் நொதிகளைச் சுரந்து துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பிறகு பூச்சியைத் தின்றே வளரும். பூச்சி மருந்தைத் தின்ன வேண்டியதே இல்லை என்பதால், சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இது தோதானது.

மாவுப்பூச்சிக்கு லெக்கானிசிலியம் லெக்கானி என்ற பூஞ்சையை வாங்குங்கள். ‘வெர்டிசிலியம்’ என்ற பழைய பெயரைச் சொன்னால் கடைக்காரருக்குச் சட்டென்று புரியும். பொதுவாக லிட்டருக்கு 5 கிராம்; பொட்டலத்தில் வேறு அளவு இருந்தால் அதன்படி. பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள். வெயில் வித்தைக் கொன்றுவிடும், ஈரமில்லாவிட்டால் அது முளைக்காது. சித்திரையில் தெளிப்பது காசுக்குக் கேடு. பலன் தெரிய ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். பூஞ்சைக்கொல்லியோடு மட்டும் கலக்க வேண்டாம்.

கடையில் ‘பிவேரியா’வை நீட்டினால் வாங்கலாமா? உங்கள் மாடிக்குப் பாதகமில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் அக்கம்பக்கத்தில் அது கூடவே கூடாது. பட்டுப்புழுக்களைக் கொன்ற வெள்ளை நோய்க்கு ஒரு பூஞ்சையே காரணம் என்று 1835-இல் இத்தாலியின் அகொஸ்தினோ பாஸி காட்டினாரே, அந்தப் பூஞ்சைதான் இது. பிவேரியா பாசியானா என்ற பெயரில் ‘பாசியானா’ அவரைக் கௌரவிக்க வைத்தது.

எதைத் தெளிப்பதற்கு முன்பும் எறும்பைத் தடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி சுமந்தும் போகும். தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். சுவரைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.