எண்பத்தைந்து வயதில் மலை கேட்டவர்

காலேப் மலையைக் கேட்டபோது அவருக்கு வயது 85. யோசுவாவின் புத்தகம் 14ஆம் அதிகாரத்தில் இது வருகிறது. 40 வயதில் கானானை வேவு பார்க்கப் போனவர். அதன்பின் வனாந்தரத்திலும் போரிலுமாக 45 வருடம் கழிந்துவிட்டது. நிலம் பங்கிடும் வேளையில், சமவெளியில் நீர்வளமுள்ள ஒரு துண்டைக் கேட்டிருந்தாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் கேட்டது எபிரோனை. இராட்சதர்களான ஏனாக்கியர் குடியிருந்த, அரண் சூழ்ந்த பட்டணங்கள் இருந்த மலைநாடு அது. கீழே சமவெளியில் இருந்து வாசிப்பவர்கள் இதில் வீரத்தைப் பார்ப்பார்கள். கொடைக்கானல் கீழ்மலையின் பண்ணைக்காட்டில் இருந்துகொண்டு வாசிக்கும்போது என் முழங்காலுக்குத்தான் அது முதலில் புரிந்தது. இங்கே கடைக்குப் போக இறங்க வேண்டும், வீடு திரும்ப ஏற வேண்டும். கோயிலுக்கும் அப்படித்தான். அந்த வயதில் ஒரு மனிதர் மலையைக் கேட்கிறார் என்றால், ஓய்வை அல்ல, வேலையைக் கேட்கிறார்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, கணவரையும் இழந்து, பிள்ளைகள் நகரங்களுக்குப் போனபின் இந்தக் கீழ்மலையில் ஒரு சின்னக் காபித் தோட்டத்தோடு இருக்கிறேன். மனசு இளமையாக இருப்பது எப்படி என்று சபையில் என்னைக் கேட்கிறார்கள். கறுப்புச் சாயமோ சின்னப் பிள்ளைகளின் பேச்சைப் பேசிக்காட்டுவதோ இளமை இல்லை. முடிவை நாம் பார்க்க முடியாது என்று தெரிந்தும் ஒன்றைத் தொடங்க முடிகிறதா? முடிந்தால் மனசு இளமையாக இருக்கிறது. நான் தொடங்குவதை முடித்துவைக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே என் விசுவாசம். அது இல்லாமல் என்னால் இதைச் செய்ய முடிந்திருக்காது.

தோட்டத்திலிருந்தே சொல்கிறேன். காபிச் செடி வயதாகிக் காய்ப்புக் குறைந்தால், தரையிலிருந்து ஒரு அடி விட்டு அறுத்துவிடுவோம். அடிக்கட்டையில் துளிர்கள் நெருக்கமாகக் கிளம்பும். திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். மறுபடி ஒழுங்காகப் பழம் பறிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை அந்த வரிசையில் வருமானம் இல்லை. அதனால்தான் வயதானவர்கள் பலர் அறுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். நான் வருடத்துக்குக் கொஞ்சமாக, மழைக்கு முன் அறுத்துவிடுகிறேன். பட்டர் ஃப்ரூட் கன்றும் வைத்தேன். விதையில் வந்த கன்று காய்க்க ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது. தோட்டத்துக்கு வேலைக்கு வரும் தம்பி கேட்டான்: "டீச்சரம்மா, இது காய்க்கையில யாரும்மா திங்கிறது?" "யார் இருக்காங்களோ அவங்க தின்னட்டும்ப்பா, நீ குழியை ஆழமா எடு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஆழமாகத்தான் எடுத்தான்.

மலைவாழையின் கதையும் இதுதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சிப் பழம் எங்கள் கீழ்மலைப் பழம். அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. நோய் வந்த மரத்துக்கு மருந்து கிடையாது, வேரோடு எடுத்து அழிக்க வேண்டும். பலர் வாழையே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். பின்பு திசு வளர்ப்பில் நோயில்லாத கன்றுகள் வந்தன. 2008இல் விருப்பாச்சிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கன்றுகளை முதலில் துணிந்து வாங்கி நட்டவர்கள், நான் பார்த்தவரை, தலை நரைத்தவர்கள். பழைய ருசி நாக்கில் இருந்தது அவர்களுக்கு மட்டும்தானே! நினைவு என்பது பின்னால் இழுப்பதற்கு மட்டுமல்ல, திரும்பவும் ஒன்றை நடவைப்பதற்கும் உதவும்.

இதே மலையில், எங்களுக்கு மேலே கொடைக்கானலில், தன் கடைசி வருடங்களைக் கழித்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சைத் தொடர முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவருடைய எழுபதுகள்தான் பாடம்.

1930களின் இறுதியில், பழைய மருத்துவப் பள்ளிப் படிப்பு இனி போதாது, பட்டப்படிப்பாக உயர்த்த வேண்டும் என்ற நிலை வந்தது. உயர்த்தாவிட்டால் மூட வேண்டும். புதிய பேராசிரியர்கள், கட்டடங்கள், பெருந்தொகை, எல்லாம் வேண்டும். அப்போது அவருக்கு எழுபதை நெருங்கிய வயது. போர் நடந்துகொண்டிருந்த 1941இல் கப்பலேறி அமெரிக்கா போனார். ஊர் ஊராக, சபை சபையாகப் பேசி நிதி கேட்டார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது.

அதைவிடக் கடினமான ஒன்றையும் அந்த வயதில்தான் செய்தார். பெண்களுக்கு மட்டுமான கல்லூரி என்பது அவர் வாழ்நாள் கனவு. ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை வந்தபோது, நெடுங்காலம் தோள்கொடுத்த தோழி லூசி பீபடி கடுமையாக எதிர்த்தார். ஐடா ஜெபித்தார், போராடினார், பின்பு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். எழுபது வயதுக்குமேல் நிதி திரட்டியவர்கள் பலர் இருக்கலாம். தன் வாழ்நாள் கொள்கையையே திறந்த மனதோடு மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. நம் வீடுகளில் ஒரு கல்யாணச் சாப்பாட்டு முறையைக்கூட மாற்றவிடாத பெரியவர்கள் இருக்கிறார்கள். தசை இறுகுவது வயதினால். கருத்து இறுகுவதற்கு வயது காரணமில்லை, நாம்தான் காரணம்.

அவர் டென்னிஸ் ஆடுவார். அறுபத்தைந்து வயதில் ஒரு போட்டியில், கிழவியோடு ஆடவேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்ட இளம்பெண்ணை ஒரு ஆட்டமும் விட்டுக்கொடுக்காமல் தோற்கடித்தார் என்பார்கள். 1946இல் பொறுப்பிலிருந்து விலகி, கொடைக்கானலில் 'ஹில்டாப்' என்ற தன் வீட்டில் இருந்தார். 1960 மே மாதத்தில், 89 வயதில், அங்கேதான் கண்மூடினார். கொடைக்குப் போகும்போது நான் அவரை நினைக்காமல் திரும்புவதில்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதியவர்களைப் படுக்கையில் தள்ளுவது பல சமயம் ஒரு விழுதல். எங்கள் ஊரில் ஈரப்பாசி படிந்த படிக்கட்டும் மழைக்காலச் சரிவுமே எதிரி. கைத்தடி எடுக்க வெட்கப்படாதீர்கள். குளியலறையில் ஒரு கம்பி பதியுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை, பல் தேய்ப்பது மாதிரி தினமும் செய்யுங்கள். தொடையில் பலம் இருக்கும்வரை கோயில் படி ஏறலாம். காது மந்தமானால் உடனே பாருங்கள். கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே விலகிவிடுகிறார், அதை வீட்டில் இருப்பவர்கள் முதுமைக் குணம் என்று நினைத்துவிடுகிறார்கள். கண்புரையைப் பற்றியும் இதையே சொல்வேன். நான் மதுரை அரவிந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பாமாலைப் புத்தகத்தின் சிறிய எழுத்து மறுபடி தெரிந்த ஞாயிறு எனக்குப் பெருநாள். அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையில், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தவர். அவர் கிறிஸ்தவர் அல்ல. அதனால் என்ன? கடவுள் கொடுக்கும் தைரியத்துக்கு நம் சபைப் பதிவேடு எல்லை இல்லை.

கொல்லிமலையில் ஊழியம் செய்த எவலின் பிராண்ட் அம்மையாரையும் சொல்ல வேண்டும். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த டாக்டர் பால் பிராண்டின் தாய். கணவர் ஜெஸ்ஸி 1929இல் கொல்லிமலையிலேயே இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்தபின் இந்த அம்மாள் மலைக்கே திரும்பிப் போனார். மட்டக்குதிரையிலும், பின்பு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றியும் மலைக் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1974இல், 95 வயதில் இறந்து, கணவர் அருகே அடக்கம்பண்ணப்பட்டார். கடைசிக் காலத்தில் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். அந்த அளவுக்கு வேண்டுமா என்றால், எனக்கு வேண்டாமென்றே படுகிறது. ஞாயிறு அன்று நல்ல சேலையை மடிப்பெடுத்துக் கட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போவதும் ஆண்டவருக்கு முன்பாக ஒரு மகிழ்ச்சிதான். ஆனால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீட்டு முகம் தெரியாது என்பதை அவரிடம் எடுத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளோடு பழகுவதில் எல்லாரும் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறார்கள். கற்றுக்கொள்ளப் போய்ப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமிதான் எனக்குத் தொடுதிரைப் போன் கற்றுக்கொடுத்தாள். "பாட்டி, அமுக்காதீங்க, சும்மா தொடுங்க, அது கேக்கும்" என்பாள். அவளுக்கு நான் யோனாவின் கதை சொன்னேன், அவள் எனக்கு வீடியோ கால் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் டீச்சர். காலேப்பின் மகள் அக்சாள் ஞாபகம் இருக்கிறதா? தகப்பன் கொடுத்த நிலம் வறண்டது, நீரூற்றும் வேண்டும் என்று கழுதையிலிருந்து இறங்கிக் கேட்டாள். நான் கொடுத்தது போதாதா என்று அவர் கேட்கவில்லை. மேலூற்றையும் கீழூற்றையும் சேர்த்தே கொடுத்தார். மலையை வென்றதைவிட இந்தக் காதுதான் அவருடைய இளமை என்று நினைக்கிறேன்.

கணவர் போன பிறகு வந்த இரவுகளைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். விசுவாசம் இருந்தால் துக்கம் வராது என்று சொல்லும் பிரசங்கம் எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. இயேசுவே லாசருவின் கல்லறையருகே அழுதார். அழுது தீர்த்தபின் எனக்கு உதவியது ஒரு நோட்டு. தூக்கம் கலையும் நேரத்தில், அதில் எழுதியிருக்கும் பேர்களுக்காக ஜெபிப்பேன். தேர்வெழுதும் பிள்ளை, திருப்பூர் மில்லுக்குப் போன பெண், பிரசவத்துக்குக் காத்திருப்பவள். எருசலேம் ஆலயத்தில் இருந்த விதவை அன்னாள் நினைவுக்கு வருவாள். ஜெபமும் உபவாசமுமாக இருந்தவள், குழந்தை இயேசுவைப் பார்த்ததும் எல்லாரிடமும் ஓடிச்சென்று பேசவில்லையா? தனியே ஜெபித்தவள் தனிமையில் முடங்கிவிடவில்லை. இன்னொன்று: பசியும் தூக்கமும் எதிலும் நாட்டமும் இல்லாமல் வாரக்கணக்கில் போனால் மருத்துவரிடம் போங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. மருத்துவமும் ஜெபமும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் என்று காட்டத்தானே வேலூரில் ஐடா அம்மையார் வாழ்ந்தார்.

மனத்தாங்கலை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லைக்கல் தகராறில் எங்கள் உறவுக்காரர் ஒருவரோடு பேச்சு நின்றிருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒரு சீப்பு மலைவாழையும் காபிப் பொடியும் கொடுத்தனுப்பினேன். கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, பேச்சு வந்துவிட்டது. அன்றைக்குத் தூங்கிய தூக்கம் வேறு தூக்கம்.

காலேப்பை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தோம். இரண்டாம் சாமுவேல் 19இல் பர்சிலா வருகிறார், வயது 80. தாவீது ராஜா அவரை எருசலேமுக்கு அழைக்கிறார். அவர், எனக்குச் சாப்பாட்டின் ருசியும் தெரியவில்லை, பாடகரின் சத்தமும் கேட்கவில்லை, நான் ஏன் உமக்குப் பாரமாக வர வேண்டும் என்று சொல்லி, இளைஞன் கிம்காமை அனுப்பிவைக்கிறார். சோர்வில் வந்த மறுப்பு அல்ல அது. தன் இடம் எது, இளையவனின் இடம் எது என்று தெரிந்த மனசு. ஐடா அம்மையாரும் விலகியபின் வேலூரின் தலைமை ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் மருத்துவரிடம் வந்தது. தொடங்குவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டுமோ, கைமாற்றுவதற்கும் அவ்வளவு வேண்டும்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பொறுப்பு நெடுநாள் என்னிடம் இருந்தது. இப்போது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறோம். கணக்கு நோட்டைக் கொடுத்த அன்றே, அவள் கேட்டாலொழிய யோசனை சொல்வதில்லை என்று எனக்குள் தீர்மானித்துக்கொண்டேன். அவள் கூட்டத்தை வெள்ளி மதியத்திலிருந்து சனி ராத்திரிக்கு மாற்றிவிட்டாள். காபிப் பழம் பறிக்கப் போகும் பெண்களுக்கு அதுதான் தோதான நேரம். முன்பு எட்டிப்பார்க்காதவர்கள்கூட இப்போது கைக்குழந்தையோடு வருகிறார்கள். இருட்டில் அந்தச் சரிவு எனக்குக் கஷ்டம். டார்ச்சும் தடியும் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.