முதுகில் வெயில் படட்டும்

அன்புள்ள மருமகளுக்கு,

பரணில் கிடந்த என் பென்டாக்ஸ் கே1000 கேமராவை நீ எடுத்துக்கொண்டதாகவும், ஞாயிறு விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகப்போவதாகவும் அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். பிலிம் ரோல் இன்று விற்கிற விலையில், 36 படத்தையும் உதயசூரியனுக்கே செலவழித்துவிடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் அப்படிச் செலவழித்தவன்.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நண்பனிடம் இரவல் வாங்கிய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. உள்ளே ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல், பன்னிரண்டே படம். ஊரூர்க் குப்பத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணல்மேட்டில் நின்று, அவர்களுக்கு அப்பால் எழுந்த சூரியனை நடுவில் வைத்துப் பன்னிரண்டையும் எடுத்தேன். மறுவாரம் பிரிண்டைக் கொண்டுபோய், கயிற்றில் முதல் ஆளாக நின்ற பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சூரியன் நல்லாக் கீது தம்பி. இதுல நான் எங்க கீறேன்?”

வீட்டுக்கு வந்து நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். அவர் நின்ற இடம் வெறும் கண்ணாடியாக இருந்தது. பிலிமில் வெளிச்சம் பட்ட இடத்தில்தான் வெள்ளி கறுத்துத் தங்கும். படாத இடத்தில் இருப்பது ஹைப்போ கரைசலில் கரைந்து போய்விடும். வானம் கொஞ்சம் அதிகமாகப் பதிந்துவிட்டால் இருட்டறையில் சரிக்கட்டலாம். பதியவே பதியாத ஆளை எங்கிருந்து கொண்டுவருவது?

உன் கேமராவின் மீட்டர் ஊசி வெகுளி. பிரேமில் பாதி வானம் இருந்தால் ‘வெளிச்சம் ஏராளம்’ என்று நம்பிவிடும். அதனால் ஆளுக்கு அருகே போ. அவர் உடம்பு பிரேமை நிறைக்கும்படி பிடித்து அளவெடு. அதே அளவோடு பின்னால் வந்து படமெடு. விடியும் நேரத்தில் வெளிச்சம் மளமளவென்று ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப அளவெடுக்கச் சோம்பல் படாதே.

அளவைவிட முக்கியம், நீ நிற்கும் இடம். கரைவலை இழுப்பவர்களைக் கவனி. படகில் போய்க் கடலை அரைவட்டமாக வளைத்து வலையை விட்டு வருவார்கள். பிறகு இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் கரையிலிருந்து இழுப்பார்கள். குதிகாலை மணலில் ஊன்றி, பின்பக்கம் சாய்ந்து, கடலைப் பார்த்தபடியே அடிமேல் அடியாகப் பின்னால் நகர்வார்கள். கிழக்குக் கடற்கரையல்லவா? புது வெயில் முழுவதும் அவர்கள் முகத்தில்தான் விழும். அதைப் பார்க்க நீ அலையோரம் இறங்கி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கயிற்றுக்கு வெளியே நில். காது கடல்பக்கம் இருக்கட்டும். அந்தக் கடலை நம்பக் கூடாது. அங்கே வெள்ளையாக நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னமே, 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க்காரருக்காக எழுப்பியதுதான். அதன் வளைவுக்குள் சூரியனை வைத்து எடுக்காதவர் சென்னையில் குறைவு. நீ கடல்பக்கம் போய், வெயில் பட்ட சுவரைப் பார்.

ஜூனில் சூரியன் ஐந்தே முக்காலுக்குள் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை தாண்டும். அரைமணி முன்னதாகவே போய்விடு. ஏசி அறையிலிருந்து நேரே கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும். இரவே கேமராவை வராந்தாவில் வைத்துவிடு. ரோலை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போ. ஒரு மணல் துகள் உள்ளே போனால் போதும், பிலிம் நெடுகக் கோடு கிழித்துவிடும். திரும்பியதும் உப்புப் பிசுக்கைத் துடைக்காமல் காபிக்கு உட்காராதே.

எடுக்கும் முன் கேட்டுக்கொள். வேலை நேரத்தில் குறுக்கே நிற்காதே. பிரிண்ட் போடும்போது இரண்டாகப் போடு. ஒன்றை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடு. கையில் வாங்கியதும் அவர்கள் கண் முதலில் எதைத் தேடுகிறது என்று பார்த்து, எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா