சரக்குத் தீருமுன் தருவிக்கும் கணக்கு

நெற்பயிர் தூர்கட்டும் சமயத்தில் இடவேண்டிய மேலுரத்தைக் காலங்கடந்து இட்டால், அப்பருவத்தில் வெடித்திருக்க வேண்டிய தூர்களை அது முழுவதும் ஈடுசெய்வதில்லை. கறவை மாட்டிற்கு அடர்தீவனம் நான்கு நாள் நின்றுவிட்டால் பால் குறைவதுடன், தீனி திரும்பிய பிறகும் பழைய அளவு வந்துசேர நாள் பிடிக்கிறது. இத்தகைய நஷ்டங்களுக்குப் பல சமயங்களில் பணமின்மையோ சரக்குப் பஞ்சமோ காரணமன்று. மறுபடி ஆர்டர் கொடுக்கவேண்டிய நாளைத் தவறவிட்டதே காரணம்.

இவ்விஷயத்தில் இருவித வழக்கங்கள் காணப்படுகின்றன. சிலர் கடைசி மூட்டையை அவிழ்த்த பின்னரே கடைக்கு ஆள் அனுப்புவர். வேறு சிலர் மாதந்தோறும் ஒரு குறித்த தேதியில், இருப்பைப் பாராமலே வாங்குவர். முதல் வழியில் சரக்கு வந்துசேரும் வரையில் வேலை நின்றுவிடும். இரண்டாவது வழியில் செலவு குறைந்த மாதத்தில் மூட்டைகள் தேங்கிக் கெடும். செலவு மிகுந்த மாதத்திலோ தேதி வருமுன்னரே சரக்குத் தீரும். தேதியையும் காலிச் சாக்கையும் நம்பாமல், இருப்பு இன்ன அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் கொடுப்பது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வதே சிறந்தது. அவ்வளவை ‘எல்லை இருப்பு’ எனலாம்.

அறியவேண்டிய மூன்று விவரங்கள்

முதலாவது, ஒரு நாளைக்கு ஆகும் செலவு. இதை உத்தேசமாய்ச் சொல்லாமல், ஒரு மாதத்தில் அவிழ்த்த மூட்டைகளை எண்ணி நாட்களால் வகுத்து அறிதல் நலம்.

இரண்டாவது, ஆர்டர் கொடுத்த நாள் முதல் சரக்கு நம் கொட்டகையில் இறங்கும் நாள் வரையில் காத்திருக்கும் நாட்கள். பணம் செலுத்துதல், விடுமுறை, வண்டி கிடைத்தல் யாவும் இதில் அடங்கும். சாதாரணமாய் எத்தனை நாள், மிகத் தாமதமானபோது எத்தனை நாள் என்று இரண்டையும் குறித்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தாமதத்திற்கென ஒதுக்கிவைக்கும் காப்பிருப்பு. சாதாரணக் காத்திருப்புக்கும் நீண்ட காத்திருப்புக்கும் உள்ள நாள் வித்தியாசத்தைத் தினச் செலவால் பெருக்கினால் இது கிடைக்கும்.

சாதாரணக் காத்திருப்பு நாட்களில் ஆகும் செலவையும் காப்பிருப்பையும் கூட்டிய தொகையே எல்லை இருப்பு.

தீனிக் கணக்கு

ஐந்து கறவை மாடுகள் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாடு ஒன்றுக்கு 4 கிலோ வீதம் தினச் செலவு 20 கிலோ. தீவனம் சாதாரணமாய் 6 நாளில் வருகிறது. மழைக்காலத்தில் 10 நாள் வரை ஆனதுண்டு. ஆறு நாட் செலவு 120 கிலோ. நான்கு நாள் தாமதத்திற்குக் காப்பிருப்பு 80 கிலோ. ஆக எல்லை இருப்பு 200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகள் நான்கு. நான்கு மூட்டைகள் மீதியிருக்கும்போதே ஆர்டர் போய்விட வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு கிடாரி ஈனும் நிலையிலிருந்தால் தினச் செலவு 25 கிலோவாக உயரக்கூடும். அப்பொழுது மிகுந்த செலவை நீண்ட காத்திருப்பால் பெருக்கி, 250 கிலோவை எல்லையாகக் கொள்வது பத்திரமானது.

கயிறு கட்டிய மூட்டைகள்

தினந்தோறும் இருப்பை எண்ணிப் பார்க்க இயலாதவர்கள் எளிய உபாயம் ஒன்றைக் கையாளலாம். எல்லை இருப்பாகிய நான்கு மூட்டைகளைத் தனியே அடுக்கிச் சிவப்புக் கயிறு கட்டிவிட வேண்டும். முன்னாலுள்ள மூட்டைகள் தீர்ந்து, கயிற்றை அவிழ்க்கவேண்டிய நாளே ஆர்டர் கொடுக்கும் நாள். எழுத்தறியாத வேலையாளும் இதைத் தெரிவிக்க முடியும். புதுச் சரக்கு வந்ததும் பழைய மூட்டைகளை முதலில் செலவுக்குத் தள்ளிவிட்டு, புது மூட்டைகளில் நான்கிற்குக் கயிறு கட்டவேண்டும். அவ்வாறு மாற்றாவிடில் காப்பிருப்பே பூசணம் பிடித்து மாட்டிற்கு ஆகாததாய்விடும்.

கயிறு அவிழ்த்தும் சரக்கு வராதிருக்கும் நாட்களில், வீட்டில் வேறொருவர் குறைந்த இருப்பைக் கண்டு மறுபடியும் ஆர்டர் கொடுத்துவிடுவதுண்டு. ஆகையால் எல்லையோடு ஒப்பிடும்போது கையிருப்புடன், ஆர்டர் கொடுத்து வரவேண்டியிருக்கும் சரக்கையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு பிறருக்குக் கொடுப்பதாய் ஒப்புக்கொண்ட சரக்கைக் கழித்துவிட வேண்டும்.

பருவத்தோடு மாறும் எல்லை

தீனிச் செலவு ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே சீராயிருக்கும். உரச் செலவு அப்படியன்று. கூட்டுறவுச் சங்கங்கள் இதை விசேஷமாய்க் கவனித்தல் வேண்டும்.

காவிரிப் பாசனப் பகுதியில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுவாய்ச் சிபாரிசு செய்யப்படும் தழைச்சத்து எக்டருக்கு 150 கிலோ. இதை அடியுரமாகவும், தூர்கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், பூக்கும்போதும் நான்கு சமபங்காய் இடுகின்றனர். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆகவே ஒரு தவணைக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 33 கிலோ யூரியா வேண்டும். இது 45 கிலோ மூட்டையில் முக்கால் பங்கிற்குச் சற்றுக் குறைவு.

ஒரு சங்கத்தின் எல்லைக்குள் 1,020 ஏக்கர் நடவு முப்பது நாளில் நடந்தேறியதாகக் கொள்வோம். தூர்கட்டும் பருவத்து மேலுரம் நாளொன்றுக்கு 34 ஏக்கர் வீதம் தேவைப்படும். விற்பனை தினம் 25 மூட்டை. மற்ற நாட்களில் விற்பனை 10 மூட்டையே. லாரி சாதாரணமாய் 8 நாளிலும், தாமதித்தால் 12 நாளிலும் வருவதாயின், மற்ற நாட்களின் எல்லை 80-உம் 40-உம் சேர்ந்து 120 மூட்டை. மேலுரப் பருவத்தின் எல்லையோ 200-உம் 100-உம் சேர்ந்து 300 மூட்டை.

பருவத்திலும் பழைய 120 மூட்டைக் கணக்கையே பின்பற்றினால், ஆர்டர் கொடுத்த ஐந்தாம் நாளே கிடங்கு காலியாகும். லாரி எட்டாம் நாள் வந்தாலும் இடையில் ஏறத்தாழ 100 ஏக்கருக்கு உரமில்லை. பன்னிரண்டாம் நாள் வந்தால் ஏறத்தாழ 240 ஏக்கருக்கு இல்லை. கணக்குத் தவறானதன்று, பருவம் தவறிய கணக்கு.

இதைத் தடுக்கும் விவரம் கிராமத்திலேயே இருக்கிறது. எந்த வாரத்தில் எத்தனை ஏக்கர் நடவாயிற்று என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலுக்காகப் பார்வையிடும்போதே அறியக்கூடும். அவ்விவரத்தைச் சங்கச் செயலாளருக்குத் தெரிவித்தால், மேலுரம் தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னரே எல்லையை உயர்த்திக்கொள்ளலாம். முந்தி நட்ட வயல்களுக்குக் கதிர் உருவாகும் பருவத்து உரமும் அதே நாட்களில் வேண்டியிருந்தால் அதையும் கூட்டவேண்டும். பருவ முடிவில் மீதியுள்ள தேவை எல்லையைவிடக் குறையும்போது, அந்த மீதித் தேவையே எல்லையாகும். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டிபிடிக்கும் பொருளாதலால், பருவங்கடந்து தேங்குவதும் நஷ்டமே.

எவ்வளவு தருவிப்பது?

எப்பொழுது என்பது வேறு, எவ்வளவு என்பது வேறு. பின்னதற்கு 1913-ஆம் ஆண்டில் ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அதன் கருத்து யாதெனில், அடிக்கடி சிறிதளவு வாங்கினால் வண்டிக்கூலி மிகும். ஒரேயடியாய் நிறைய வாங்கினால் முடங்கும் பணத்தின் வட்டியும் சேதமும் மிகும். இரண்டும் சமமாகும் அளவில் மொத்தச் செலவு மிகக் குறைவு. ஆயினும் எவ்வளவு பெரிய சுமை தருவித்தாலும், அதற்கு அடுத்த ஆர்டரைக் காலத்தில் கொடுக்கத் தவறினால் இடையில் கொட்டகை காலியாகவே கிடக்கும்.

குடியானவர்கள் இதற்கென ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் கொடுத்த தேதி, சரக்கு வந்த தேதி, அன்று மீதியிருந்த மூட்டை ஆகிய மூன்றை மட்டும் ஒவ்வொரு முறையும் எழுதிவந்தால் போதும். சரக்கு வரும் நாளில் காப்பிருப்பு அடிக்கடி முழுவதும் தீர்ந்திருந்தால் எல்லையை உயர்த்தவேண்டும். ஒருபோதும் தொடப்படாதிருந்தால் குறைக்கலாம். இவ்வாறு ஓராண்டு எழுதினால், தம் கொட்டகைக்கு ஏற்ற அளவு இன்னதென்பது அந்த நோட்டிலிருந்தே விளங்கும்.