கவிழ்ந்த சீட்டு யார் கையில் இருந்தால் என்ன?

போக்கர் பழகும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது: "எதிரே அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க அக்கா. ஆளுக்கு ரெண்டு சீட்டுன்னா பத்து சீட்டு போயிடுச்சு. எனக்கு வேண்டியது அதுலயே மாட்டிக்கிட்டா? அந்தப் பத்தையும் கழிச்சுட்டுத்தானே கணக்கு போடணும்?"

கழிக்க வேண்டாம். ஏன் என்று ஒரு தடவை பொறுமையாகப் போட்டுப் பார்த்துவிட்டால், அப்புறம் எத்தனை பேர் ஆடினாலும் குழப்பம் வராது.

டெக்சஸ் ஹோல்டமையே எடுத்துக்கொள். உன் கையில் ஹார்ட்டின் ஏஸ், ஹார்ட்டின் 9. ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டில், ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் 4, கிளாவர் 7 விழுகின்றன. நாலு ஹார்ட்டின் சேர்ந்துவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ். கட்டில் மொத்தம் 13 ஹார்ட்டின். நாலு போக மிச்சம் 9. இவைதான் உன் அவுட். 52 சீட்டில் நீ பார்த்தது 5, பார்க்காதது 47. அடுத்த சீட்டு, அதாவது டர்ன், ஹார்ட்டினாக இருக்க வாய்ப்பு 9/47. ஏறக்குறைய 19.1 சதவீதம்.

இப்போது அந்தப் பத்து சீட்டுக்கு வருவோம். அதில் ஒரு ஹார்ட்டின்கூட இல்லையென்றால், மிச்சக் கட்டில் உள்ள 37 சீட்டில் 9 ஹார்ட்டின். வாய்ப்பு 24 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். அஞ்சு ஹார்ட்டின் அங்கே போயிருந்தால் 4/37, 11 சதவீதத்தைக்கூடத் தொடாது. எது நடந்தது என்று உனக்குத் தெரியாது. சராசரியாகப் பார்த்தால் அந்தப் பத்தில் 90/47, கிட்டத்தட்ட 1.9 ஹார்ட்டின் இருக்கும். கட்டில் மிஞ்சுவது சுமார் 7.1. அதை 37-ஆல் வகுத்துப் பார்: திரும்பவும் அதே 19.1. பத்தை மட்டும் கழித்துவிட்டு, அதோடு போன ஹார்ட்டினைக் கழிக்க மறந்தால்தான் கணக்கு கெடும்.

டீலர் டர்னுக்கு முன் ஒரு சீட்டைக் கவிழ்த்து ஒதுக்குவாரே, பர்ன் கார்டு, அதுவும் இப்படித்தான். பார்க்காத சீட்டு எங்கே கிடந்தாலும் பார்க்காத சீட்டுதான்.

டி.வி. பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் சேனல் 4 1999-ல் ஒளிபரப்பிய 'லேட் நைட் போக்கர்' மேசைக்கடியில் கேமரா வைத்து ஒவ்வொருவர் கைச்சீட்டையும் காட்டியது. இன்றைய ஒளிபரப்புகளில் பெயருக்குப் பக்கத்தில் ஓடும் சதவீதம் எல்லோர் சீட்டையும் தெரிந்துகொண்டு போட்டது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்காது. உன் எண் அதோடு ஒத்துப்போகவில்லை என்று கவலைப்படாதே.

மேசையில் பின்னம் போட நேரம் இருக்காது. ஒரு சீட்டு மட்டும் வரவேண்டுமென்றால் அவுட்டை 2-ஆல் பெருக்கு. டர்ன், கடைசிச் சீட்டான ரிவர் இரண்டையும் கட்டாயம் பார்க்கப்போகிறாய் என்றால் 4-ஆல். 9 அவுட்டுக்கு 36 வரும். சரியான விடை 35. ஆனால் 15 அவுட் இருக்கும்போது இது 60 என்று காட்டும், நிஜம் 54 தான். நாலால் பெருக்குவது ஆல்-இன் போட்ட பிறகுதான் பொருந்தும். நடுவில் இன்னொரு பந்தயம் வர வாய்ப்பிருந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அந்தச் சதவீதத்தை வைத்து என்ன செய்வது? நடுவில் 60 புளியங்கொட்டை இருக்கிறது, எதிராளி 20 போடுகிறார். நீயும் 20 போட்டால் மொத்தம் 100; அதில் உன் பங்கு 20 சதவீதம். உன் வாய்ப்போ 19.1. மயிரிழையில் நஷ்டம். ஃப்ளஷ் விழுந்த பிறகும் அவர் போடுவார் என்ற நம்பிக்கை இருந்தால் போடலாம், இல்லையென்றால் மடக்கிவிடு. நடுவில் 80 இருந்து அவர் 20 போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம்: 120-க்கு 20, ஆறில் ஒரு பங்குதான். தாராளமாகப் போடு.

எதிராளியின் சீட்டு தெரியாது என்பதற்காக அவர் ஆடும் விதத்தைக் கவனிக்காமல் விடாதே. அவரிடம் ரெண்டு ராஜா இருப்பதாக நினைக்கிறாயா? அப்படியானால் ஹார்ட்டின் 7 உனக்கு ஃப்ளஷ் தரும், அவருக்கு ஃபுல் ஹவுஸ் தரும். அந்த ஒன்றை அவுட்டிலிருந்து எடுத்துவிட்டு எட்டாக எண்ணு. யாராவது கைதவறி ஒரு சீட்டைக் காட்டிவிட்டால் அப்போது மட்டும் வகுக்கும் எண் 46 ஆகும். காட்டியது ஹார்ட்டினாக இருந்தால் 8/46, வேறு ஜாதியாக இருந்தால் 9/46.

இதெல்லாம் வீட்டில் கொட்டை வைத்து ஆடுவதற்கு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. யாராவது லிங்க் அனுப்பினால் திறக்காதே. அனுப்பியவர் நண்பராக இருந்தாலும் சரி.