கஞ்சாச் செடிக்கு கிரிப்டோவில் முதலீடு: ஒரு கேஸ் ஸ்டடி

போன இதழ்ல பிளாக்செயின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தோம். இந்த முறை அதே தொழில்நுட்பம் பணம் திரட்டப் பயன்பட்ட ஒரு விவகாரமான துறையை எடுத்துக்குவோம். தலைப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க, இது ஃபைனான்ஸ் பாடம்தான்.

முதல்ல, ஏன் கிரிப்டோ?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2012-ல் வாக்கெடுப்பு நடத்தி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. 2014 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்பனை தொடங்கியது. ஆனா மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருளாகவே இருந்தது. மாநிலம் லைசென்ஸ் கொடுக்குது, மத்தியச் சட்டம் குற்றம்னு சொல்லுது! வங்கிகள் பெரும்பாலும் மத்திய அரசின் கண்காணிப்பில் இருப்பதால், இந்தத் தொழிலுக்குக் கடன் கொடுக்கத் தயங்கின. பல கடைகள் கட்டுக்கட்டாக ரொக்கத்தை வைத்துக்கொண்டு திண்டாடின.

அந்த இடைவெளியில்தான் கிரிப்டோ நுழைந்தது. வங்கி வேண்டாம், டோக்கன் வெளியிட்டு உலகம் முழுக்கப் பணம் திரட்டலாம் என்ற யோசனை. பிரச்சினை நிஜமானது என்பதை மறக்காதீங்க. ஏமாற்றுக்காரர்களுக்கும் அந்த நிஜம்தான் முதலீடு.

கேஸ் 1: பாராகன் காயின்

கஞ்சாத் தொழிலுக்குள் பிளாக்செயினைக் கொண்டு வருவோம்னு சொல்லி இந்த நிறுவனம் 2017-ல் டோக்கன் விற்றது. சுமார் 1.2 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ சேர்ந்தது. 2018 நவம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. "நீங்க விற்றது முதலீட்டுப் பத்திரம், அதைப் பதிவு செய்யாமல் விற்றது தப்பு" என்பதுதான் வாதம். 2,50,000 டாலர் அபராதம். வாங்கியவர்கள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தரணும் என்றும் உத்தரவு. 2019-ல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

டோக்கன் எப்படி முதலீட்டுப் பத்திரம் ஆகும்? இதற்கான விடை 1946-ல் இருக்கு. ஃபுளோரிடாவில் ஹோவி என்ற நிறுவனம் ஆரஞ்சுத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றது. "மரம் உங்களுடையது, வளர்ப்பதும் விற்பதும் நாங்க, லாபம் உங்களுக்கு" என்பது ஒப்பந்தம். வாங்கியவர்களில் பலர் சுற்றுலா வந்தவர்கள், விவசாயம் தெரியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நிலம் விற்பனையாகப் பார்க்கவில்லை, முதலீட்டு ஒப்பந்தம் என்றது. நாலு விஷயம் பார்க்கணும்: பணம் போடுறீங்களா, பொதுவான ஒரு தொழிலில் போடுறீங்களா, லாபம் எதிர்பார்க்குறீங்களா, அந்த லாபம் அடுத்தவர் உழைப்பில் வருதா? நாலுக்கும் 'ஆமா'ன்னா, பெயர் டோக்கனோ மரமோ, சட்டம் ஒண்ணுதான்.

கேஸ் 2: ஜூசிஃபீல்ட்ஸ்

இது ஐரோப்பா. 50 யூரோ போட்டால் ஒரு மருத்துவக் கஞ்சாச் செடி உங்க கணக்கில். வளர்ப்பு, அறுவடை, விற்பனை எல்லாம் நாங்க பார்த்துக்குறோம். ஆண்டுக்கு 100 சதவீதம், அதற்கும் மேலே லாபம். வங்கி வழியாகவும் கட்டலாம், கிரிப்டோவிலும் கட்டலாம். ஹோவியின் ஆரஞ்சு மரம் ஞாபகம் வருதா?

2022 ஜூலையில் திடீரென்று நிறுவனத்தின் சமூக வலைத்தளப் பக்கங்கள் காணாமல் போயின. யாராலும் லாகின் பண்ண முடியலை. யூரோபோல் கணக்குப்படி சுமார் 5,50,000 பேர் பதிவு செய்திருந்தார்கள், ஏறக்குறைய 1,86,000 பேர் பணம் கட்டியிருந்தார்கள். உறுதியான இழப்பு மட்டும் 64.5 கோடி யூரோ. 2024 ஏப்ரலில் 11 நாடுகளில் ஒரே நாளில் சோதனை நடந்து, 9 பேர் கைதானார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும்னா, அந்த விவசாயி 30 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினாலும் மீதி 70 அவர் கைக்கு வருமே! உங்களுக்கு ஏன் 100 தரணும்?

சரி, அறுவடையே இல்லை, புதுசா சேர்றவங்க பணத்தைத்தான் பழையவங்களுக்குக் கொடுக்குறாங்கன்னு வச்சுக்குவோம். முதலில் 100 பேர். அடுத்த வருஷம் அவர்களுக்கு இரட்டிப்பாகக் கொடுக்க 200 பேர் வேணும். அதற்கடுத்து 400. பத்து வருஷம் கழித்து 1,02,400 பேர். இருபது வருஷம் கழித்து 10 கோடிக்கும் மேல், அதாவது தமிழ்நாட்டு மக்கள்தொகையையே தாண்டிடும். எக்ஸ்பொனென்ஷியல் வளைவு பரீட்சைத் தாளில் மட்டும் இல்லை பாஸ்!

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் சரிந்த ஈமு பண்ணைத் திட்டங்களை வீட்டில் கேளுங்க. பறவையை வாங்குங்க, தீவனம் நாங்க தர்றோம், மாசாமாசம் பணம், பறவையையும் நாங்களே திரும்ப எடுத்துக்குறோம். செடிக்குப் பதில் பறவை, அவ்வளவுதான்.

பிளாக்செயின் காப்பாற்றாதா?

காப்பாற்றாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினாங்கன்னு லெட்ஜர் சரியாகச் சொல்லும். கிரீன்ஹவுஸில் செடி இருக்கான்னு அதுக்குத் தெரியாது. வெளியுலகத் தகவலை யாரோ ஒருவர்தான் உள்ளே ஏற்றணும். அவர் பொய் சொன்னால், அந்தப் பொய் அழிக்க முடியாதபடி பதிவாகும். இதைத்தான் ஆரக்கிள் பிரச்சினைன்னு சொல்றாங்க. இன்னொன்று, போன கிரிப்டோவைத் திரும்பக் கேட்க வங்கி மேனேஜர் கிடையாது.

செய்முறைப் பயிற்சி

செடியோ, சோலார் பேனலோ, சர்வரோ, அடுத்த முறை ஏதாவது ஆப் லிங்க் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் நாலு விஷயம் தேடுங்க:

1. தொழில் லைசென்ஸ் எண் என்ன? கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் கஞ்சா லைசென்ஸை அரசு இணையதளத்திலேயே தேடலாம்.
2. முதலீடு திரட்ட எந்த ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு செய்திருக்காங்க? தொழில் லைசென்ஸ் வேறு, இது வேறு.
3. விளைச்சல், விலை, செலவு மூன்றையும் போட்டால் சொல்ற லாபம் வருதா?
4. ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா?

முதல் மூன்றில் ஒன்றுக்கு விடை கிடைக்கலைன்னாலும், நாலாவதுக்கு 'ஆமா'ன்னு வந்தாலும், செமஸ்டர் ஃபீஸை அதில் போடாதீங்க. அனுப்பினவர் உங்க நெருங்கிய நண்பரா இருந்தா, இந்த நாலு கேள்வியை அவருக்கும் அனுப்புங்க. அவரும் பணம் கட்டியிருக்கலாம்.