கோடு குறைஞ்சா ஆள் தெரிவாங்க!

ஓவியர் கோபுலு (1924–2015) ஆனந்த விகடனில் வார்த்தையே இல்லாத நகைச்சுவைப் படங்கள் வரைந்தவர். ஆள் நிற்கிற விதமே அதில் கதை சொல்லும். வீண் கோடு இருந்தால் கதை குழம்பிடும்.

காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் அக்காவை நான் வரையும் முறை இது:

1. பாரம் எங்கே அழுத்துதுன்னு முதலில் பார்ப்பேன். கழுத்து நேரா, ஒரு கை மேலே, இடுப்பு லேசா சாய்ஞ்சிருக்கும்.
2. அதை மட்டும் பென்சிலில் மெல்லிசா போடுவேன்.
3. மையை அழிக்க முடியாது. அதனால யோசிச்சிட்டு, ஒவ்வொரு கோட்டையும் ஒரே இழுப்பில் இழுப்பேன்.
4. மை காய்ந்த பிறகே ரப்பர்!

சேலைப் பூ, கூடைப் பின்னல் வேண்டாம். சுவர் இதழைத் தள்ளி நின்னு பார்ப்பாங்க. நெருக்கமான கோடுகள் கறையாத்தான் தெரியும், அக்காவின் உழைப்பு தெரியாது.

வரைந்ததை நண்பரிடம் காட்டுங்க. "பாரம் ரொம்பவோ?"ன்னு கேட்டா, நீங்க ஜெயிச்சாச்சு!