கொங்கிறீற்று அகணி துளைக்கும் பொறி: ஆயத்தமும் பாதுகாப்பான இயக்கமும்

மாணவர்களே, கட்டி முடித்த கொங்கிறீற்றுத் தளத்தின் ஊடாகக் கழிவுநீர்க் குழாய் ஒன்றைக் கொண்டு செல்ல வேண்டும் என வைத்துக்கொள்வோம். உளியாலும் சுத்தியலாலும் உடைத்தால் துளையின் விளிம்பு சிதறும். தளத்தில் வெடிப்பும் ஏற்படலாம். இவ்வேலைக்குப் பயன்படுவதே அகணி துளைக்கும் பொறி. வேலைத்தலங்களில் இதனைக் 'கோர் மெசின்' என்பர். இது கொங்கிறீற்றை அடித்து உடைப்பதில்லை. வட்டமாகத் தேய்த்து அறுக்கிறது. நடுவில் மிஞ்சும் உருளை வடிவத் துண்டே அகணி எனப்படும். பழைய கட்டடத்தின் கொங்கிறீற்று எவ்வளவு வலிமையுடையது எனச் சோதிப்பதற்கும் இவ்வாறு அகணி எடுக்கப்படுகிறது.

ஒன்றை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இப்பொறியால் ஏற்படும் விபத்துகளைத் தடுக்கும் வேலையின் பெரும்பகுதி, ஆளியைப் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. பொறியின் பிரதான பகுதிகள்

அ. வெட்டும் குழாய்: உருக்கினாலானது. இதன் நுனியில் வைரத் துணிக்கைகள் பதித்த பற்கள் உண்டு.
ஆ. மின்மோட்டரும் பற்சில்லுப் பெட்டியும்: சுழற்சியைத் தருவதும் வேகத்தை மாற்றுவதும் இவையே.
இ. தாங்கி: அடித்தட்டு, தூண், குழாயை மெல்ல உட்செலுத்தும் கைபிடி என்பவற்றைக் கொண்டது.
ஈ. நீர்க்குழாய்: பற்களைக் குளிரச் செய்கிறது, அறுபட்ட தூளைச் சேறாக வெளியேற்றுகிறது, தூசு பறப்பதைத் தடுக்கிறது.

குழாயின் விட்டம் கூடும்போது சுழற்சி வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏன்? 70 மி.மீ. விட்டமுள்ள குழாய் நிமிடத்துக்கு 900 தடவை, அதாவது செக்கனுக்கு 15 தடவை சுழன்றால், அதன் விளிம்பின் வேகம் 22/7 × 0.07 × 15 = செக்கனுக்கு 3.3 மீற்றர். 140 மி.மீ. குழாயை அதே வேகத்தில் சுழற்றினால் விளிம்பு வேகம் இரு மடங்காகிவிடும். எனவே 450 தடவை சுழற்றினாலே முன்னைய விளிம்பு வேகம் கிடைத்துவிடும்.

2. ஆயத்தம்: நான்கு கேள்விகள்

(1) உள்ளே என்ன இருக்கிறது?
கொங்கிறீற்றினுள் வலுவூட்டல் கம்பி, மின்வடம், நீர்க்குழாய் என்பன மறைந்திருக்கலாம். கட்டட வரைபடத்தைப் பார்ப்பதுடன், கம்பி கண்டறியும் கருவியாலும் பரிசோதிக்க வேண்டும். தாங்கும் கம்பியை அறுத்தால் தளத்தின் வலிமை குறையும். அதன் விளைவு அன்றே தெரியாமலும் போகலாம். எனவே பொறியியலாளரின் அனுமதியின்றி வளை, தூண் ஆகியவற்றில் துளையிடக் கூடாது. முன்தகைப்புக் கொங்கிறீற்றில் இழுத்துக் கட்டப்பட்ட கம்பி அறுபடுவது மிகவும் ஆபத்தானது.

(2) மறுபக்கத்தில் யார் இருக்கிறார்கள்?
140 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. தடிப்பும் உடைய அகணியின் கனவளவு 22/7 × 7 × 7 × 15 = 2310 கன செ.மீ. ஒரு கன செ.மீ. கொங்கிறீற்று ஏறத்தாழ 2.4 கிராம். ஆகவே அகணியின் திணிவு ஏறத்தாழ 5.5 கி.கி. இது 3 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 மீற்றர் வேகத்தில் தரையை அடையும். தலைக்கவசம் மட்டும் இதற்குப் போதாது. கீழே தடுப்பு வேலி அமைத்து, ஆள்நடமாட்டத்தை நிறுத்தி, அகணியைத் தாங்குவதற்கும் ஒழுங்கு செய்ய வேண்டும்.

(3) பொறியைப் பிடித்திருப்பது எது?
குழாய் கம்பியில் சிக்கி நின்றால், மோட்டர் தன் உடலை எதிர்த்திசையில் திருப்ப முயலும். நியூற்றனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். அந்த விசையை மனிதக் கையால் தடுக்க முடியாது. எனவே பெரிய துளைகளுக்குத் தாங்கியை நங்கூர ஆணியால் இறுக்க வேண்டும். வெற்றிட உறிஞ்சலால் பிடிக்கும் அடித்தட்டு, வழவழப்பான உறுதியான பரப்பிற்கு மட்டுமே பொருந்தும். பூச்சு உரியும் பரப்பில் அது கழன்றுவிடும்.

(4) நீரும் மின்னும் சந்திக்குமா?
வீட்டு மின் வழங்கல் 230 வோல்ற்று. ஈரத் தரையில் நின்று வேலை செய்பவருக்கு இது உயிராபத்து. 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானைப் பயன்படுத்தி, ஒவ்வொரு நாளும் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். வடத்தில் வெட்டு, ஒட்டு இருத்தலாகாது. இணைப்புகளைச் சேற்று நீர் படாத உயரத்தில் வைக்க வேண்டும்.

3. இயக்கும் ஒழுங்கு

1. தலைக்கவசம், கண் கவசம், காதுக் காப்பு, வழுக்காத சப்பாத்து ஆகியவற்றை அணிக. தொங்கும் சேட்டு, சங்கிலி, கையில் கட்டிய கோயில் நூல் என்பன சுழலும் குழாயில் சுற்றிக்கொள்ளும்; அவற்றை அகற்றுக.
2. செருகியைக் கழற்றிய நிலையிலேயே வெட்டும் குழாயைப் பொருத்தி இறுக்குக.
3. நீரைத் திறந்த பின்னரே மோட்டரை இயக்குக.
4. தொடக்கத்தில் மெல்ல அழுத்தி வட்டத் தவாளிப்பு ஏற்படுத்துக. பின்பு சீரான அழுத்தம் கொடுக்குக.
5. துளைப்பது திடீரெனக் கடினமாகி, சேற்றில் உலோகத் துகள் தெரிந்தால் கம்பி தட்டுப்பட்டுள்ளது. நிறுத்தி, பொறுப்பாளரிடம் கேட்டே தொடர்க.
6. குழாய் சிக்கினால் ஆளியை மாறி மாறிப் போட்டு விடுவிக்க முயலாதீர்கள். ஆளியை நிறுத்தி, செருகியைக் கழற்றி, சாவியால் குழாயை முன்னும் பின்னும் திருப்புக.
7. மறுபக்கத்தை நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைக்குக.

4. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

கொங்கிறீற்றுத் தூசில் பளிங்குருச் சிலிக்கா உண்டு. இதன் நுண்துணிக்கைகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசு நோயை உண்டாக்கும். இந்நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. 1997 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இத்தூசை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருளாக வகைப்படுத்தியது. எனவே நீரின்றித் துளைத்தல் பற்களை மட்டுமன்றிச் சுவாசத்தையும் கெடுக்கும். சேறு காய்ந்தால் மீண்டும் தூசாகும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே அதனை அள்ளி அகற்ற வேண்டும்.

5. மாதிரி வினா

வினா: அகணி துளைக்கும்போது நீர் பயன்படுத்துவதன் மூன்று நோக்கங்களையும், அதனால் உண்டாகும் ஓர் ஆபத்தையும், அதற்கான தடுப்பையும் எழுதுக.

விடை: நோக்கங்கள்: பற்களைக் குளிரச் செய்தல், தூளை வெளியேற்றல், தூசைக் கட்டுப்படுத்தல். ஆபத்து: மின்னதிர்ச்சி. தடுப்பு: 30 மில்லி அம்பியர் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பானைப் பயன்படுத்தல்.

குறிப்பு: 'கவனமாக இருத்தல்' என்று விடை எழுதாதீர்கள். எதை, எப்படி, ஏன் என்று எழுதினாலே அது விடையாகும்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கட்டட வேலைக்கு உதவியாளாகச் செல்லும் மாணவர்கள் உங்களில் இருக்கலாம். பயிற்சி பெறாமல் இப்பொறியை இயக்க வேண்டாம். அருகில் நிற்க நேர்ந்தாலும், மேலே உள்ள நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அவற்றுக்கு விடை கிடைக்கும்வரை எட்டி நில்லுங்கள்.